ஒரு நெடில், மூன்று குறில்

பழையபடி ஆக்கித் தரவா என்று கேட்டது கம்ப்யூட்டர்.
சரியென்று ஒரு தட்டுத் தட்டினேன்.
நூறு வீதம்வரை எண்ணி முடித்துத்
தானாகவே அணைந்தது.
அதற்குப் பிறகு எழும்பவில்லை.

விசிறி சுற்றுகிறது. பச்சை லைட் எரிகிறது.
திரை மட்டும்
நோர்வூட் பாலத்தடியில் ராத்திரி ஆறு மாதிரி.
உள்ளேயிருந்து சத்தம்,
ஒரு நெடில். பிறகு குறில் குறிலாய்.

வெள்ளவத்தைக் கடையில் ரிப்பேர் பார்க்கும்
துஷ்யந்தனுக்குப் போன் எடுக்கலாம்.
லயத்துக்குள் சிக்னல் இல்லை.
பீலிக்கரைக்கு மேலே எழுபத்திரண்டு படி,
தண்ணீர் டாங்கியின் தெற்கு மூலை,
ஒரே ஒரு ஆள் நிற்கும் இடத்தில்
இரண்டு கோடு விழும்.

"எத்தனை குட்டைச் சத்தம், அக்கா?"
"ரெண்டு. மூணாவும் இருக்கும்."
"இருக்கும்னா சரிவராது, எண்ணிட்டு வாங்க.
ரெண்டுன்னா ஒரு வருத்தம்,
மூணுன்னா வேற வருத்தம்."

இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது.
பட்டனை அமுக்கினேன்.
பீஈப். பிப் பிப் பிப்.
அதை வாயிலேயே வைத்துக்கொண்டு ஏறினேன்
விளிம்புவரை நிரம்பிய வாளிபோல.
பீஈப், பிப் பிப் பிப்,
பீஈப், பிப் பிப் பிப்.
இருபதாம் படியில் மரியசெல்வம் அண்ணன்
"என்னா புள்ள, நெஞ்சுச் சளியா?" என்றார்.
வாய் திறந்தால் எண்ணிக்கை சிதறும்.
தலையை ஆட்டினேன்.
விடிந்தால் லயம் முழுக்க எனக்குச் சளி.

"மூணு."
"நிச்சயமா?"
"சத்தியமா மூணு தம்பி."
"அப்ப ரேம்தான். கழட்டி, ரப்பரால தேச்சு,
திரும்பப் போடுங்க.
ரெண்டு பக்கமும் கிளிக்குன்னு விழணும்."

அந்தப் பெட்டிக்குள்
முப்பத்தெட்டுப் பேரின் பெயர்த் திருத்த மனுக்கள்.
வீராயி ஒரு தாளில் விராயி, இன்னொன்றில் விரை.
பெருமாளுக்குத் தகப்பன் பெயரும் பெருமாளாம்.
திருத்தாவிட்டால் மனுசன் தனக்குத் தானே மகன்.
சேமலாப நிதிக் காசு
எழுத்தெழுத்தாய்ப் பார்த்துத்தான் கையை விட்டு வரும்.
வெள்ளிக்கிழமை கச்சேரியில் கொடுக்க வேண்டும்.
பழையபடி என்று அது கேட்டபோது
எந்தப் பழையபடி என்று
நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திருப்புளி இல்லை. தேங்காய்ச் சில்லுக் கிளப்பும் கத்தி.
மூடி கழன்றது. உள்ளே
தூசு, இரண்டு பல்லி முட்டை,
போன வருசம் தொலைந்த என் ஊக்கு.
தூங்கும் மகளின் பென்சில் பெட்டியில்
ஸ்ட்ரோபெரி வாசம் அடிக்கும் ரப்பர் எடுத்து
அந்தப் பொன்னிறப் பற்களை
அடகுக்கடைக்காரன் மாதிரி உரைத்தேன்.
அமுக்கினேன். ஒரு பக்கம் விழுந்தது கிளிக்.
மறுபக்கம் விழவில்லை.
பிள்ளையாரையும் துஷ்யந்தனின் முதலாளியையும்
ஒரே மூச்சில் திட்டி
இன்னும் அமுக்கினேன். கிளிக்.

இப்போது
ஒரேயொரு சின்ன பிப்.

வெளிச்சம் வந்து சுவரில் அடித்தது.
எந்த நாடு என்று கேட்டது. சொன்னேன்.
எந்த மொழி என்று கேட்டது. அதையும் சொன்னேன்.
உங்கள் பெயர் என்ன என்று கேட்டது.
ஆறு வருசம் என் விரலைத் தின்ற இயந்திரம்
கலியாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

முப்பத்தெட்டும் இல்லை.
தேடினேன், குப்பைத் தொட்டி வரைக்கும் தேடினேன்.
வாங்கிய அன்று இருந்த நீலப் பூ மட்டும்
திரை நிறையப் பூத்துக்கொண்டு நிற்கிறது.

சரியாகிவிட்டது என்று சொல்ல
மறுபடி எழுபத்திரண்டு படி ஏறவில்லை.
அவன் விடிந்து கேட்கட்டும்.
கால் விரலிடுக்கில் அட்டை.
உப்பு வைத்தேன், சுருண்டு விழுந்தது.
ரத்தம் நிற்கப் பேப்பர்த் துண்டு ஒட்டினேன்.

பிஸ்கட் டின்னைத் திறந்தால்
எல்லோருடைய கைநாட்டும் கையெழுத்தும்
காகிதத்தில் அப்படியே கிடக்கின்றன,
கொஞ்சம் ஈரம்.
மேலே கிடந்த தாளை எடுத்தேன்.
முதல் எழுத்து வீ.
நெடில்.